அமைதி நேரம்

ஜூலை 3, புதன்

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தலைமுடி மட்டும் கொட்டுகிறது. போனில் பேசக்கூடாத விஷயம், அதனால்தான் கடிதம். தபால்தலை வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்" என்றுதான் நீ இதுவரை சொல்லிவருகிறாய். இன்றைக்கு ஒருமுறை காது கொடுத்துக் கேள். ஜனங்கள் போனில் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கம்பெனி எங்களுடையது. சம்மதித்த வீடுகளின் போனில் ஒரு கவுண்டரைப் போட்டுவிடுவோம். நீங்கள் பேசுவதை அது கேட்காது, எழுதுவதைப் படிக்காது. எதைத் திறந்தீர்கள், எப்போது மூடினீர்கள், அப்போது போன் நின்றிருந்ததா நகர்ந்துகொண்டிருந்ததா, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். வீடுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிகிற வீடுகளைப் பார்ப்பது என் வேலை.

போன விடுமுறைக்கு வந்தபோது "போன் வேகமா வேலை செய்யும்" என்று சொல்லி உன் போனில் ஒன்று போட்டேனே, அது இந்தக் கவுண்டர்தான். ஆளுக்கு இத்தனை வீடு சேர்க்க வேண்டும் என்று கணக்கு, என் பங்குக்கு ஒரு வீடு குறைந்தது. சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி, அதனால் உன் பெயர் வராமல் அத்தான் பெயரில் சேர்த்துவிட்டேன். என் போனிலும் கவுண்டர் உண்டு. நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தால் இரண்டு போனும் ஒரே நேரத்தில் திறந்து மூடுவது தெரியும், மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும், என் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைக் கூப்பிடுவதை நான் நிறுத்தியது அதனால்தான். தம்பிக்குப் பெரிய மனுஷன் என்ற நினைப்பு வந்துவிட்டது என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நீ ஸ்கூல் வேனை ஓட்டும் நேரத்தில் உன் போன் விழித்திருக்கிறது. அந்த மெசேஜ் ஆப் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. போன் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிற எல்லா நாளும்.

இங்கே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். லாரி டிரைவர் வீடு. எங்கள் திரையில் ஒவ்வொரு போனும் ஒரு கோடாக ஓடும்; அவர் போனின் கோடு ஒரு நாள் மெசேஜின் நடுவிலேயே நின்றுபோனது. கவுண்டர் பழுதாகிவிட்டது என்று நினைத்து அந்த வீட்டைக் கூப்பிட்டவன் நான்தான். "கவுண்டர் வேலை செய்யலையேம்மா" என்றேன். அவர் மனைவி, "அவரே இல்லையேப்பா" என்றார்.

அதிலிருந்து ஆபீசுக்கு வந்ததும் நான் முதலில் திறப்பது உன் வீட்டு எண்ணைத்தான். கோடு முடியும் வரை எனக்கு டீ இறங்குவதில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதே அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் தம்பி

*

ஜூலை 7, ஞாயிறு

தம்பிக்கு,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை.

உன் கடிதத்தை நின்றுகொண்டு ஒருமுறை படித்தேன், உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். பிறகு உன் அத்தானிடம் கொடுத்தேன். "உன் தம்பிக்கு வேற வேலையே இல்லையா" என்றார். அதுதான் வேலையாம் என்றேன். அவர் தன் போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

வெட்கமாக இல்லையா உனக்கு? நான் எத்தனை மணி வரை விழித்திருக்கிறேன், சமையல் வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுக் கடைசியில் நேற்று வைத்ததையே சூடு பண்ணுகிறேன், எல்லாம் நீ அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். குளியலறைக் கதவில் ஓட்டை போட்டுவிட்டு, உன் நல்லதுக்குத்தான் என்று சொல்வது போல இருக்கிறது.

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். வண்டியில் பதினாலு பிள்ளைகள். அத்தனை அம்மாக்களும் அப்பாக்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். "எங்க வந்துட்டீங்க?" "வேன் கிளம்பிடுச்சா?" "பையன் தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டானா?" பதில் போடாவிட்டால் ஸ்கூலுக்குப் போன் போகும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு ஓகே போட என்னம்மா கஷ்டம்?" என்பார். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். சிக்னலில் நிற்கும்போது ஒரு விரலால் ஓகே போடுவேன். அவ்வளவுதான் உன் பெரிய கண்டுபிடிப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள். இந்த வருஷம் வேனில் ஆயாவை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் இறங்கிவிட்டார்களா என்று பார்க்க நான் ஒருத்திதான். ஸ்கூல் வாசலில் ஒரு நிமிஷம் நிற்க விட மாட்டார்கள், பின்னால் ஹாரன் கிழியும். அதனால் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வேன்களை நிறுத்தும் மைதானத்துக்கு வந்து எஞ்சினை அணைத்ததும், போனை எடுத்துக்கொண்டு பின் சீட் வரை நடப்பேன். அங்கிருந்து திரும்பி நின்று காலி சீட்டுகளை ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போடுவேன். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாக்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

விளையாட்டுக்காக அதைச் செய்யவில்லை. கடைசி சீட்டில் ஒரு குட்டிப் பெண் வருவாள். நாங்கள் 'பொட்டலம்' என்று கூப்பிடுவோம். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள், விடிந்ததும் ஓட வேண்டும். தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு சுற்றி என் கையில் கொடுப்பாள். ஸ்கூல் வந்தாலும் அது எழுந்திருக்காது. இரண்டு தடவை மைதானம் வரை வந்து, போட்டோ எடுக்கப் போனபோது போர்வைக்குள்ளிருந்து கால் தெரிந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அந்த அம்மாவுக்கு அது தெரியும். சிரித்துவிட்டு, "உங்க கண்ணு இருக்குற வரைக்கும் எனக்குக் கவலை இல்லைக்கா" என்றாள்.

இது என் வேலை. இதில் நீ மூக்கை நுழைக்காதே. முதலில் அந்தக் கவுண்டரை எடு.

அக்கா

*

ஜூலை 11, வியாழன்

அன்புள்ள அக்கா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கவுண்டரை மட்டும் இப்போது எடுக்க முடியாது. நடுவில் ஒரு வீடு விலகினால் ஏன் என்று விசாரிப்பார்கள். விசாரித்தால் அத்தான் பெயருக்குப் பின்னால் நான் நிற்பது தெரிந்துவிடும்.

சிக்னல் என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் சொல்கிறாய்? போன் நிற்கும்போது நிற்கிறது என்றுதான் கணக்குக் காட்டும். உன் போன் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அந்த மெசேஜ் ஆப் வெகுநேரம் திறந்திருந்தது. போன் ஓடிக்கொண்டே இருந்தது, அப்புறம் சட்டென்று நின்றது. நின்றதும் ஆப் மூடிவிட்டது. அதன் பிறகு வெகுநேரம் எதுவுமே இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரன் என்ன ஆச்சு என்று கேட்டான், வயிறு சரியில்லை என்றேன். மறுபடியும் கோடு நகர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அன்று என்ன நடந்தது? என்னிடம் மறைக்காதே. மறைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். நம் இரண்டு பேருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. உன்னையும் அந்த லாரிக்காரர் கோடு மாதிரி நான் பார்க்க வேண்டுமா?

உன் தம்பி

*

ஜூலை 16, செவ்வாய்

தம்பிக்கு,

சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீ விட மாட்டாய்.

அன்றைக்கு ஒரு பையனுக்குக் காய்ச்சல், ஸ்கூல் முடியும் முன் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அவன் அம்மா கேட்டாள். பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது சைக்கிளில் ஒரு ஆள் கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். பிரேக் பிடித்துவிட்டது. அவர் மேல் படவில்லை. அவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார், திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. ரொம்ப நேரம் வண்டியை எடுக்காமல் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

நீ சொன்னது சரிதான். இந்த ஒரு தடவை மட்டும் சரி. மறுநாளே குழுவில் எழுதிவிட்டேன்: ஓட்டும்போது பதில் வராது, வண்டியை நிறுத்திய பிறகு போட்டோ வரும், அவசரமென்றால் ஸ்கூலைக் கேளுங்கள். மேனேஜர் முகம் கோணிப்போனது. கோணட்டும். இப்போது வண்டி ஓடும்போது போன் டேஷ்போர்டு டப்பாவுக்குள் கிடக்கிறது. எஞ்சினை அணைத்த பிறகுதான் வெளியே எடுக்கிறேன்.

இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. இதற்கு மேல் என்னைக் காவல் காக்காதே. உன்னை வளர்த்தவள் என்கிறாய். வளர்த்தவளைச் சந்தேகப்பட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

அக்கா

*

ஜூலை 21, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் வாக்கை நான் நம்பவில்லை என்று நினைக்காதே. நம்புகிறேன். ஆனால் நீ எழுதிய பிறகும் தினமும் காலையில் அந்த ஆப் ஒருமுறை திறக்கிறது. வண்டி நின்றிருந்தது என்று கணக்கும் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நின்ற வண்டியில் திறக்கிற கை, என்றைக்காவது ஓடுகிற வண்டியிலும் திறக்கும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அதுதான். விட்டுவிட்டேன் என்று சொன்ன எந்த வீடும் முழுசாக விட்டதில்லை.

அதனால் உனக்குக் கஷ்டம் இல்லாமல் நானே ஒன்று செய்துவிட்டேன். நீ அடிக்கடி பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் புலம்புவாயே, அதற்காக உன் போனைக் குழந்தைகள் போன் மாதிரி என் போனோடு இணைத்து வைத்திருந்தேன். என் இடத்திலிருந்தே அதைப் பூட்டலாம், திறக்கலாம். 'அமைதி நேரம்' என்று அதற்குப் பெயர். நாளை திங்கட்கிழமையிலிருந்து, நீ வேனை எடுக்கும் நேரம் முதல் காலை பத்து மணி வரை உன் போன் தூங்கும். நிலா படம் ஒன்று வரும், எதைத் தொட்டாலும் திறக்காது. போன் கெட்டுவிட்டது என்று பதறி எங்கேயும் கொண்டுபோய்க் கொடுக்காதே. பத்து மணிக்குத் தானாக எழுந்துவிடும்.

அவசரத்துக்கு மூன்று நம்பருக்கு மட்டும் வழி விட்டிருக்கிறேன். அத்தான், உன் பெண், நான். நாங்கள் கூப்பிட்டால் மணி அடிக்கும். வேறு யார் கூப்பிட்டாலும் அடிக்காது. வேறு யார் உன்னைக் காலையில் கூப்பிடப் போகிறார்கள், அந்தக் குழு அம்மாக்களைத் தவிர?

இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். முதல் இரண்டு மூன்று நாள் என்னைத் திட்டுவாய். அப்புறம் நீயே கையெடுத்துக் கும்பிடுவாய் பார். நாலு மாதத்தில் இன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

உன் தம்பி

*

ஜூலை 24, புதன்

தம்பி,

யாரிடம் எழுதுவது என்று தெரியவில்லை, உனக்கு எழுதுகிறேன். உனக்குப் போனைப் பற்றித் தெரியும். படித்துவிட்டு எனக்கு விளங்கும்படி சொல்.

திங்கட்கிழமை காலையிலிருந்து என் போனில் ஒரு நிலா. எதை அழுத்தினாலும் நிலாதான். பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிட்டது. அன்றைக்குப் போட்டோ வரவில்லை என்று குழுவில் ஒரே ரகளை. பின் சீட் வரை நடந்து பார்த்துவிட்டேன், எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று அப்புறம் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டு, "நாளைக்கும் போன் சரியில்லைன்னு கதை சொல்லாதீங்க" என்றார்.

நேற்று மைதானத்தில் வண்டியை நிறுத்தி டப்பாவிலிருந்து போனை எடுத்தேன். மறுபடியும் நிலா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரில் ஒரு மொபைல் கடை இருக்கிறது, அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார்கள். முதலில் இதைச் சரி பண்ணிக்கொண்டு வந்து, அப்புறம் நடந்து போய் போட்டோ எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

கடைப் பையன் அணைத்துப் போட்டான், பேட்டரியைக் கழற்றினான், தட்டினான். "சாஃப்ட்வேர் பிரச்சனைக்கா, கொஞ்சம் உட்காருங்க" என்றான். ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நான் அவனோடு விலைவாசி பேசிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு நிலா போய்விட்டது. "பார்த்தீங்களா, சரி பண்ணிட்டேன்" என்று கையில் கொடுத்தான். கொடுத்ததும் அது ஒலிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஸ்கூலிலிருந்து வந்த அழைப்புகள், மேனேஜர், அந்த லேப் அம்மா. குழுவில் முதலில் தெரிந்தது அவள் எழுதியதுதான். "அக்கா, என் பொண்ணு கிளாஸுக்கு வரலையாம். எங்க இருக்கா?"

ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அனல் அடித்தது. போர்வை கீழே கிடந்தது. அவள் கடைசி சீட்டில் இல்லை தம்பி. முன்னால் வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். எழுந்து நடந்து வந்திருக்கிறாள். என்னைத் தேடியிருக்கிறாள்.

மூச்சு இருக்கிறது. கண் திறக்கவில்லை. அவள் அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். போலீஸ் என் லைசென்ஸையும் போனையும் வாங்கிக்கொண்டது. ஊரை விட்டுப் போகக் கூடாதாம். அடுத்த செவ்வாய் ஸ்கூலில் விசாரணை. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அத்தனை தடவை கூப்பிட்டோமே, எதிரில்தானே இருந்தீர்கள், ஏன் எடுக்கவில்லை? மணி அடிக்கவே இல்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. உன் அத்தான் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் சந்தேகம்தான்.

மணி அடிக்காமல் இருக்குமா? அந்த நிலா என்ன நிலா? உனக்குத் தெரிந்திருக்கும். சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஜூலை 25, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நீ எழுதிய கடிதம் இன்று மத்தியானம் வந்தது.

நான்கைந்து தடவை படித்துவிட்டேன். மூன்று நம்பர் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஸ்கூல் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவளுக்கு ஸ்கூலிலிருந்து போன் வரும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

தினமும் நின்ற வண்டியில் ஆப் ஒருமுறை திறக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது எதற்கு என்று நான் உனக்கு முன்பே எழுதியிருந்தேன். பின் சீட் வரை நடப்பதை எழுதியிருந்தேன். பொட்டலத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். நீ அதைப் படித்தாயா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்.

இதைப் பற்றி இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் அத்தானிடம்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நீயே சொல்.

*

ஜூலை 27, சனி

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

படித்தேன். போட்டோவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஆனால் திரையில் அது வெறும் ஒரு கோடாகத்தான் தெரியும். இது கெட்ட கோடு, இது நல்ல கோடு என்று அங்கே பிரித்துக் காட்டாது. நான் பயத்தில் இருந்தேன். உனக்காகத்தான் பயந்தேன், அது உனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகக் கேள். ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைக் கிழித்துவிடு. இதையும் படித்ததும் கிழித்துவிடு. முந்தியவையும் வேண்டாம். இங்கே நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அமைதி நேரத்தை நீக்கியாயிற்று, உன் போன் இனிமேல் என் போனோடு சேர்ந்தது இல்லை. கவுண்டரும் போய்விட்டது. உன் வீட்டு எண்ணைத் தேடினால் அப்படி ஒரு வீடே கிடையாது. போலீஸ் திறந்து பார்த்தாலும் சாதாரண போன்தான்.

விசாரணையில் போன் பழுது என்று சொல். கடைப் பையன் சாட்சி இருக்கிறான். பழுதுக்காக யாரையும் தண்டிக்க மாட்டார்கள். அன்று காலை நீ போனைத் தொடவே இல்லை, அதுவும் உனக்கு நல்லதுதான். என் பெயர் வந்தால் உனக்கு என்ன லாபம்? நான் வெளியே இருந்தால்தான் ஒரு வக்கீலைப் பார்க்க முடியும், ஓடியாட முடியும். இரண்டு பேரும் மூழ்குவதில் அர்த்தம் இல்லை அக்கா. யாருடைய போனிலிருந்தும் என்னைக் கூப்பிடாதே.

அந்தக் குழந்தை நல்லபடியாக எழுந்துவிடும். எனக்கு மனசு சொல்கிறது.

உன் தம்பி

*

ஜூலை 31, புதன்

தம்பிக்கு,

குழந்தை கண் திறந்துவிட்டாள். உன் மனசு சொன்னது பாதி சரி. விளக்கைப் பார்க்கிறாள், விரலைப் பிடிக்கிறாள். அம்மாவைப் பார்த்தால் அது யாரென்று தெரியவில்லை. போகப் போகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்கிறார்கள்.

நான் எதையும் கிழிக்கவில்லை.

நேற்று விசாரணை. நீண்ட மேஜை, மேனேஜர், ஸ்கூல்காரர்கள், ஒரு போலீஸ்காரர். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். பின் சீட் வரை நடக்காமல் இறங்கிப் போனேன், அது என் தப்பு என்றேன். போனைத்தான் பூட்டினாய், என் கால்களை யாரும் பூட்டவில்லை. அதற்கு என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நீ ஒரு விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாய். நான் போனைத் தொடவே இல்லை என்பது எனக்கு நல்லது என்று எழுதினாய். அங்கே எல்லாரும் என்னைக் குற்றம் சொன்னது அதற்காகத்தான். போன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்கள். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை, என் தம்பி என்றேன். அவன் எங்கே என்றார்கள். அவனே வந்து சொல்வான் என்று நினைக்கிறேன் என்றேன். மேனேஜர் சிரித்தார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை உறையோடு அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். நிலா வரும் என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "என் பக்கம் மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. பொம்பளை வேணும்னே எடுக்கலைன்னு உங்களை வாயில வராததெல்லாம் சொல்லித் திட்டினேன்."

"திட்டுங்க, பரவாயில்லை" என்றேன்.

"உங்க தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா?"

"இல்லை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உறையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் உன் விலாசம், வீட்டு எண், மாடி, எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாய். சின்ன வயசில் உன் கையெழுத்துக்காக நான் உன் விரலில் அடித்திருக்கிறேன்.

"இதை நான் வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோங்க" என்றேன்.

இன்று மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். தன் அம்மாவைக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நாளைக் காலை ரயிலில் உன் ஊருக்கு வருகிறாளாம். போலீஸுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "தெரியலைக்கா. ஆளை நேர்ல பார்க்கணும். பார்த்தா தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

உன்னிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டில் போன் இருக்கிறது, உன் நம்பர் எனக்கு மனப்பாடம். எடுத்து உன் நம்பரை அழுத்தவும் செய்தேன். பிறகு வைத்துவிட்டேன். சொன்னால் நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவாய் என்று தோன்றிவிட்டது. உன்னை வளர்த்தவளுக்கு அப்படித் தோன்றியது. அந்த வேதனையை எங்கே கொண்டுபோய்ச் சொல்வேன்?

அதனால் இதைச் சாதாரணத் தபாலில்தான் சேர்க்கிறேன். உன் கைக்கு வரும்போது அவள் வந்து போயிருப்பாள். நீ கதவைத் திறந்தாயா என்று மட்டும் எனக்கு எழுது.

அக்கா